ஓட்டல் ஊழியருக்கான ஆன்லைன் கோர்ஸைப் பள்ளிச் சமையலர்களுக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோர்ஸை வேறு ஆட்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதும் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதுதான் வழக்கம். செலவு இரட்டிப்பாவதும் அங்கேதான். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவாகும் முன்பே மொழிபெயர்த்தால், பிறகு தூக்கிப் போடப்போகும் பக்கங்களுக்கும் கூலி கொடுக்கிறீர்கள். காசு கொடுத்தாகிவிட்டதே என்று அந்தப் பக்கங்களை எடுக்கவும் மனம் வராது. இந்த வழிகாட்டியில் தமிழ் எழுதும் வேலை ஆறாவது படியில்தான் வருகிறது.

ஒரே ஒரு வேலையைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். நட்சத்திர ஓட்டல் சமையலறை ஊழியர்களுக்காக ஆங்கிலத்தில் செய்த உணவுப் பாதுகாப்பு கோர்ஸ் ஒன்று மூடுல் என்ற ஆன்லைன் பயிற்சித் தளத்தில் இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தில் பள்ளிகளில் சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கு ஏற்றதாக்க வேண்டும். தளம் வேறாக இருந்தாலும் வரிசை இதேதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலக் கோப்புகள்: ஸ்டோரிலைன் (கோர்ஸ் திரைகளைச் செய்யும் மென்பொருள்), பவர்பாயின்ட் போன்றவற்றில் திருத்தக்கூடிய அசல், எழுத்துப் பதியாத வீடியோ, தனியாகப் பிரித்த ஒலி. ஸ்கார்ம் (கோர்ஸைத் தளத்தில் ஏற்றுவதற்கான வடிவம்) ஜிப் கோப்பை மட்டும் கொடுத்து 'இதுதான் கோர்ஸ்' என்பார்கள். அது வெளியீட்டுக்காகக் கட்டிய பொட்டலம்; உள்ளே போய் எழுத்தை மாற்றினால் ஒரு திரை சரியாகும், அடுத்தது திறக்காது. அசல் கிடைக்காது என்றால் அந்தப் பகுதியைப் புதிதாகச் செய்வதாகவே திட்டமிடுங்கள்.

பழைய தேர்வின் புள்ளிவிவர அறிக்கை: மூடுலில் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று வரும். எல்லோரும் சரியாக எழுதிய கேள்வியை நம்பி எதையும் கட்ட வேண்டாம்.

ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், அலுவலகத்தில் இருப்பதிலேயே மலிவானது. சமையலறையை அறிந்த ஒருவர். சோதனைக்கு உட்காரச் சம்மதித்த ஐந்தாறு சமையலர்கள். இந்த மூன்றும் கடைசியில் தேடிக்கொள்ளலாம் என்று விடுபவை. கடைசியில் கிடைக்காதவையும் இவைதான்.

1. உரிமையை எழுத்தில் வாங்குங்கள்

'எடுத்துக்கோங்க, நம்ம கோர்ஸ்தானே' என்ற போன் பேச்சு போதாது. மாற்ற, மொழிபெயர்க்க, வேறு தளத்தில் ஏற்ற என்று மூன்றுக்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் (நிபந்தனையோடு எல்லோரும் பயன்படுத்த விடும் பொது உரிமம்) என்று போட்டிருந்தாலும் அதன் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள். என்டி இருந்தால் மாற்றிய வடிவத்தை வெளியிட முடியாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். எஸ்ஏ இருந்தால் உங்கள் வடிவத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். என்சி இருந்தால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. கோர்ஸுக்குள் இருக்கும் படங்களும் பின்னணி இசையும் வேறொருவரிடம் வாங்கியவையாக இருக்கலாம். அவற்றின் உரிமம் உங்களுக்குத் தானாக வராது.

2. படிக்கப்போகிறவரை வேலை இடத்தில் பாருங்கள்

ஒரு விடிகாலை, அடுப்பு பற்றவைப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை கூடவே நில்லுங்கள். கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொன்னால் 'கையை அடிக்கடி கழுவுவோம்' என்றுதான் எழுதுவார்கள். குழாய் எங்கே இருக்கிறது, அதன் பக்கத்தில் சோப்பு இருக்கிறதா என்பது நேரில்தான் தெரியும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: என்ன சமைக்கிறார்கள், எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை மணிக்கு இறக்குகிறார்கள், எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள். தெர்மாமீட்டர் உண்டா, ஃபிரிட்ஜ் உண்டா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தொட்டிக்கு மூடி இருக்கிறதா. ரவையும் அரிசியும் தரையில் இருக்கிறதா, பலகை மேலா. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்கள்.

அடுத்து போன். யாருடைய போன், மகன் பள்ளிக்கு எடுத்துப்போகும் போனா, டேட்டா எப்போது தீரும், எந்த நேரத்தில் கை சும்மா இருக்கும். பாடத்தின் நீளத்தை முடிவு செய்வது இந்தக் கடைசிப் பதில்தான். ஓட்டல் ஊழியருக்குப் பயிற்சி அறையில் 40 நிமிடப் பாடம் சரிப்படும். இங்கே 5 முதல் 7 நிமிடத் துண்டுகளாக வெட்டினால்தான் ஒரே உட்காரலில் முடியும். பாதியில் விட்ட பாடத்தை மறுபடி திறப்பவர்கள் குறைவு.

3. கோர்ஸ் முடிந்ததும் கை என்ன செய்ய வேண்டும்? அதை வைத்துத் தரம் பிரியுங்கள்

முதலில் 8 முதல் 12 வாக்கியங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். 'சுகாதாரத்தின் முக்கியத்துவத்தை அறிவார்' என்பதை யாரும் பார்க்க முடியாது. 'ருசி பார்த்த கரண்டியை மறுபடி அண்டாவுக்குள் விடமாட்டார்' என்பதைப் பார்க்கலாம்.

பிறகு மூல கோர்ஸின் ஒவ்வொரு திரைக்கும் ஒரு வரிசை வைத்து அட்டவணை போடுங்கள்: திரை எண், இப்போது என்ன இருக்கிறது, எந்தச் செயலுக்கு உதவுகிறது, முடிவு. முடிவு நான்கே வகை: அப்படியே, மாற்று, நீக்கு, புதிது. எந்தச் செயலோடும் சேராத திரைக்கு 'நீக்கு' என்றே எழுதுங்கள், எவ்வளவு அழகான அனிமேஷனாக இருந்தாலும்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்பதற்கு உணவை ஆறவைக்கும் பாடத்தைப் பாருங்கள். பெரிய சமையலறைகளுக்கான வழக்கமான விதி, சமைத்ததை 60 டிகிரி செல்சியஸிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் கொண்டுவருவது. ஓட்டலில் அதற்கென்றே குளிரூட்டும் இயந்திரம் இருக்கும். பள்ளிச் சமையலறையில் அது கிடையாது. மீந்ததை வைத்து நாளைக்குப் பரிமாறும் வழக்கமும் இருக்கக் கூடாது. ஆக மொத்தப் பாடமும் நீக்கு.

ஆனால் அந்த விதி எதற்காக வந்ததோ அந்த ஆபத்து நீங்கவில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி பெருகும். சமைத்த உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளியில் இந்த ஆபத்து வரும் இடம் வேறு: ஆறு மணிக்கே பொங்கலை இறக்கிவிட்டு எட்டரைக்குமேல் பரிமாறுவது. எனவே 'ஆறவைத்தல்' போய், 'எதை முதலில் அடுப்பில் வைப்பது' என்று புதிய பாடம் வருகிறது. சாம்பார் முதலில், பொங்கலோ உப்புமாவோ கடைசியில். இறக்கியதைச் சூடு தாங்கும் பாத்திரத்தில் மூடிவைப்பது.

இறைச்சிக்கு ஒரு நிறம், காய்க்கு ஒரு நிறம் என்று வெட்டும் பலகைகளைப் பிரிக்கும் பாடமும் இப்படித்தான். காலை உணவில் இறைச்சி இல்லை, பலகை ஒன்றே ஒன்று. அந்தப் பாடம் போய், கழுவாத காய் வைத்த தட்டில் வெந்ததை வைக்காதே என்ற ஒரே திரையாகச் சுருங்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, எளிமையாக்குகிறேன் என்று எண்களைத் தூக்குவது. 'நன்றாகச் சூடாக வைக்கவும்' என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு சூடு. தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் 60 டிகிரியை விடாதீர்கள். கூடவே ஆவி பறக்கிறதா என்ற கண் அடையாளத்தைச் சேருங்கள். இந்த எண்களைத் துறை வல்லுநர் சரிபார்த்துக் கையெழுத்திடட்டும், மொழிபெயர்ப்பாளர் அல்ல.

4. பாடத்துக்கு முன் தேர்வை எழுதுங்கள்

கேள்விகள் தயாரானால் பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது தானாகச் சுருங்கும். பாடத்தை முடித்துவிட்டுக் கேள்வி எழுதினால், திரையில் எது எளிதில் அகப்படுகிறதோ அதைக் கேட்போம்: எந்த ஆண்டு, எந்தச் சட்டம், விரிவாக்கம் என்ன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தவர் கை கழுவிவிட்டார் என்று ஆகாது.

கேள்வி நிலைமையாக இருக்கட்டும். 'காலை 6:15க்குப் பொங்கல் இறக்கியாச்சு. பரிமாற 8:45 ஆகும். என்ன செய்வீங்க?' விடைகள்: மூடி போட்டு அப்படியே வைப்பேன், பரிமாறும் முன் தண்ணீர் விட்டுக் கிளறிச் சூடாக்குவேன், இறக்கியதும் சூடு தாங்கும் டிரம்முக்கு மாற்றி மூடுவேன்.

இரண்டாவது விடையை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. வாந்தி வரவைக்கும் அதன் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அந்த விடையைத் தொட்டவருக்கு இந்த விளக்கம் அங்கேயே வர வேண்டும். 'தவறு, மீண்டும் முயல்க' என்று மட்டும் வந்தால் அடுத்த விடையைத் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான்.

சில நடைமுறைக் குறிப்புகள். சரியான விடையே எப்போதும் நீளமாக இருந்தால், படிக்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள். தட்டச்சு செய்து விடையளிக்கும் கேள்விகளை எடுத்துவிடுங்கள்: ஃபிரிட்ஜ், பிரிட்ஜ், ஃப்ரிட்ஜ் மூன்றும் சரிதான், கணினிக்கு மூன்றும் வேறு. கேள்வி வங்கியை வெளியே எடுக்கும்போது மூடுல் எக்ஸ்எம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்; வெறும் எழுத்தாக வரும் கிஃப்ட் வடிவத்தில் படங்கள் வராது.

உயிரோடு விளையாடும் கேள்விகளை, அதாவது கை, தண்ணீர், நேரம், உடம்பு சரியில்லாதபோது சமைப்பது ஆகியவற்றை, தனித் தேர்வாக வைத்துத் தேர்ச்சி மதிப்பெண்ணை 100 சதவீதம் ஆக்குங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விடுங்கள். மொத்தமாக 60 சதவீதம் போதும் என்றால், கை கழுவும் கேள்விகளை மட்டும் தவறவிட்டவரும் சான்றிதழ் வாங்கிப் போவார்.

5. நகலில் வேலை செய்யுங்கள்

மூல கோர்ஸை ஒருபோதும் திறந்து திருத்தாதீர்கள். அதில் ஓட்டல் ஊழியர்கள் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மூடுல் 3.9 முதல் கோர்ஸை நகலெடுக்கத் தனி வசதி இருக்கிறது. வேறு தளத்துக்குப் போவதானால் காப்புப் பிரதி எடுத்து அங்கே மீட்டெடுக்க வேண்டும்.

காப்புப் பிரதி எடுக்கும்போது பயனர்களைச் சேர்க்கும் தேர்வை நீக்குங்கள். இல்லையென்றால் பழையவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் புதிய கோர்ஸில் வந்து உட்காரும்.

நகல் வந்ததும் அதை மறைத்துவைத்துவிட்டு நான்கு இடங்களைப் பாருங்கள்: தேதிகள், ஒரு பாடம் முடிந்தால்தான் அடுத்தது திறக்கும் என்ற நிபந்தனைகள், பக்கங்களுக்குள் கையால் ஒட்டிய இணைப்புகள், சான்றிதழ். நீக்கிய பாடத்தை நிபந்தனையாக வைத்திருக்கும் பாடம் யாருக்கும் திறக்காது. ஆசிரியர் கணக்கில் பார்த்தால் எல்லாம் திறந்தே தெரியும். அதனால் மாணவர் கணக்கு ஒன்று உருவாக்கி அதிலிருந்து பாருங்கள்.

6. இப்போது தமிழ்: மொழிபெயர்க்காமல் எழுதுங்கள்

அட்டவணையில் 'மாற்று' அல்லது 'புதிது' என்று இருப்பதை ஆங்கிலத் திரையைப் பார்த்து எழுத வேண்டாம். மூன்றாம் படியில் எழுதிய செயலைப் பார்த்து எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதைப் போல வாக்கியம் அமையும். 'உணவு கையாளுபவர்கள் தங்கள் கைகளைக் கழுவுவது உறுதிசெய்யப்பட வேண்டும்' என்பதைக் கேட்டு யாரும் எழுந்து குழாயடிக்குப் போகமாட்டார்கள்.

எழுதத் தொடங்கும் முன் 30, 40 சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள். வீடியோவில் அண்டா, கேள்வியில் கொப்பரை, படத்தின் அடியில் பாத்திரம் என்று வந்தால் மூன்றும் வேறு பொருளோ என்று குழப்பம் வரும்.

குரல் பதிவுக்கு முன் ஸ்கிரிப்டைச் சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள். ஆங்கிலத்தில் 20 நொடி ஓடிய அனிமேஷனுக்குள் தமிழ் விளக்கம் அடங்காது. பதிவு செய்பவர் வேகமாகப் படித்து நுழைத்துவிடுவார், கேட்பவருக்குத்தான் தலைசுற்றும். படத்தை நீட்டுங்கள், அல்லது வாக்கியத்தை வெட்டுங்கள்.

எழுத்துருவில் மூன்று வம்புகள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். முதலில் யூனிகோடாக மாற்றுங்கள். ஸ்டோரிலைன் பெட்டிகள் ஆங்கிலத்துக்கு அளவெடுத்தவை, தமிழ் வழிந்துபோகும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை வைத்து வரி இடைவெளியை 1.5 ஆக்குங்கள். மூன்றாவது, சான்றிதழ். மூடுல் பிடிஎஃப் தயாரிக்கப் பயன்படுத்தும் டிசிபிடிஎஃப் நிரலுக்குத் தமிழ் எழுத்துகளை இணைக்கத் தெரியாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். சான்றிதழின் தமிழ் வாசகத்தை முழுவதும் பின்னணிப் படமாக வைத்துவிட்டு, பெயரையும் தேதியையும் மட்டும் ஆங்கில எழுத்தில் மேலே வரவிடுவதுதான் தொல்லையில்லாத வழி. விழா மேடையில் கொடுக்கும்போது கண்டுபிடிக்கிற தவறு இது.

7. படமும் வீடியோவும்

எஃகு மேசையும் வெள்ளைத் தொப்பியும் இருக்கும் படத்தைக் கண்டால் 'இது நமக்கில்லை' என்று முடிவு செய்துவிடுவார்கள். அனுமதி வாங்கி ஒரு பள்ளிச் சமையலறையிலேயே எடுங்கள். பிள்ளைகளின் முகம் வேண்டாம். செய்து காட்டும் பெண் தலைமுடியைக் கட்டியிருக்கிறாரா, வளையல் மோதிரத்தைக் கழற்றியிருக்கிறாரா என்று படம் எடுக்கும் முன் பாருங்கள். ஒரு பாடத்தில் சொன்னதை அடுத்த பாடத்தின் வீடியோ மீறினால் வீடியோதான் நினைவில் நிற்கும்.

அளவுக் கணக்கு: வீடியோவுக்கு நொடிக்கு 500 கிலோபிட், ஒலிக்கு ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 4.2 எம்பி. மூன்று நிமிட வீடியோ 13 எம்பிக்குள் அடங்கும். அதையே 4 மெகாபிட்டில் முழு எச்டியாக ஏற்றினால் 90 எம்பி. சிறிய திரைக்கு 480பி தாராளம். வசன வரிகளை விடிடி கோப்பாக, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். வேறு குறியாக்கம் என்றால் கட்டம் கட்டமாக வரும்.

8. போனில் ஓடுமா?

சுட்டியை மேலே கொண்டுபோனால் விளக்கம் வரும் திரைகள் போனில் செத்த திரைகள். இழுத்துப் போடும் பயிற்சிகள் சின்னத் திரையில் விரலுக்கு அகப்படாது. இரண்டையும் படத்தைத் தொட்டுத் தேர்வு செய்யும் கேள்வியாக மாற்றுங்கள். மூடுலுக்குள் ஊடாடும் பயிற்சிகள் செய்ய உதவும் எச்5பி கருவியில் இது எளிது.

மூடுல் செயலியில் பாடத்தை வைஃபை உள்ள இடத்தில் இறக்கிவைத்து, இணைப்பில்லாமல் படிக்கலாம். ஆனால் தேர்வுக்கு அந்த வசதி தானாக வராது. தேர்வின் அமைப்புகளில் செயலி வழியாக இணைப்பின்றி எழுத அனுமதிக்கும் தேர்வை இயக்க வேண்டும். எழுதியது மறுபடி இணைப்பு வரும்போதுதான் தளத்துக்குப் போகும் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். 'நான் முடிச்சிட்டேன், பேரு வரல' என்ற போன் அழைப்புகளில் பாதி குறையும்.

ஒரே போனில் இரண்டு பேர் படிப்பது சாதாரணம். முதலாமவர் வெளியேறாமல் கொடுத்துவிட்டால் இரண்டாமவர் படித்ததெல்லாம் முதலாமவர் கணக்கில் ஏறும். ஒவ்வொரு பாடத்தின் முதல் திரையிலும் உள்ளே இருப்பவரின் பெயரைக் காட்டி 'இது நீங்களா?' என்று கேளுங்கள்.

9. ஐந்து பேரோடு சோதனை

ஒவ்வொருவராக உட்காரவையுங்கள், அவர்கள் போனிலேயே. குழுவாக உட்கார்ந்தால் விவரமானவர் சொல்ல மற்றவர்கள் தொடுவார்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். இதுதான் மிகவும் கஷ்டம். 'அந்தப் பட்டனை அழுத்துங்கக்கா' என்று சொல்லிவிட்டால் அந்தச் சோதனை முடிந்தது.

எங்கே விரல் தயங்குகிறது, எந்தத் திரையைப் படிக்காமல் தள்ளுகிறார்கள், எந்தக் கேள்விக்கு உங்களை நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று திரை எண்ணோடு குறியுங்கள். 'நல்லா இருந்துச்சு சார்' என்ற பாராட்டை எழுத வேண்டாம். பாடம் முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, 'நாளைக்குக் காலையில என்ன மாத்திச் செய்வீங்க?' என்று ஒரே ஒரு கேள்வி. பதிலில் மூன்றாம் படியின் செயல்கள் வரவில்லை என்றால் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

திருத்தியபின் புதிதாக மூன்று பேரைப் பிடியுங்கள். முதல் ஐவருக்கு விடை தெரியும்.

10. மாற்றப் பதிவேடு

மூல கோர்ஸ் அடுத்த ஆண்டு திருத்தப்படும். அன்று உங்களிடம் பதிவேடு இல்லையென்றால் எல்லாத் திரைகளையும் மறுபடி ஒப்பிட வேண்டியிருக்கும். மூன்றாம் படியின் அட்டவணையையே பதிவேடாக வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தின் பதிப்பு எண், நீக்கியதற்கான காரணம், எண்ணைச் சரிபார்த்தவர் பெயர், தேதி என்று நான்கு பத்திகளைச் சேர்த்தால் போதும். 'நீக்கு' என்ற வரிகளை அழிக்காதீர்கள். புதிதாக வருபவர் கேட்கும் முதல் கேள்வி, ஏன் ஃபிரிட்ஜ் பற்றிப் பாடமே இல்லை என்பதாகத்தான் இருக்கும்.